குடியரசுத் தலைவர்: வாக்கில் மாநிலங்களுக்குப் பாதி, அதிகாரத்தில்?

2022 ஜூலை 18 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பச்சை நிற வாக்குச்சீட்டும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இளஞ்சிவப்பு நிற வாக்குச்சீட்டும் வழங்கப்பட்டன. சென்னைத் தலைமைச் செயலகம் உள்பட எல்லா மாநிலத் தலைநகரங்களிலும் வாக்குப்பதிவு நடந்தது. மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்ஹா 3,80,177. வாக்களிக்கத் தகுதி பெற்றவர்களோ வெறும் 4,809 பேர். ஐயாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் போட்ட வாக்கு எப்படிப் பத்து லட்சத்தைத் தாண்டியது?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தியக் குடியரசுத் தலைவர் பதவியின் அடிப்படை அமைப்பு இருக்கிறது. அந்தத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் பாதி எடை, மாநிலச் சட்டப்பேரவைகளுக்குப் பாதி எடை. நாடு முழுவதற்கும் பொதுவான ஒருவர் வேண்டும் என்பதற்காகவே அப்படி வகுத்தார்கள். ஆனால் பதவியேற்ற மறுநாளிலிருந்து அவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி மட்டுமே செயல்பட வேண்டும். தேர்ந்தெடுப்பதில் பாதிப் பங்குள்ள மாநிலங்களுக்கு அதன் பிறகு அவரிடம் எந்தப் பிடியும் இல்லை. கடந்த எழுபது ஆண்டுகளில் இந்தப் பதவியைச் சுற்றி எழுந்த சச்சரவுகளில் பலவற்றுக்கு, குறிப்பாகத் தமிழ்நாடு சம்பந்தப்பட்டவற்றுக்கு, இந்த இடைவெளியே காரணம் என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 54-வது பிரிவின்படி, மக்களவை, மாநிலங்களவை ஆகியவற்றின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மாநிலச் சட்டப்பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வாக்காளர்கள். டெல்லி, புதுச்சேரி சட்டப்பேரவைகளுக்கு 1992-இல் செய்யப்பட்ட 70-வது திருத்தத்தின் மூலம் இந்த உரிமை கிடைத்தது. நியமன உறுப்பினர்களுக்கும் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்கு இல்லை.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநிலத்தின் மக்கள்தொகையைப் பேரவையின் மொத்த இடங்களால் வகுத்து, வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234-ஆலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் 176. ஆக, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு 176 வாக்குகளுக்குச் சமம். பேரவை மொத்தத்துக்கும் 41,184. உத்தரப் பிரதேசத்தில் ஒருவருக்கு 208, கேரளத்தில் 152, புதுச்சேரியில் 16, சிக்கிமில் 7. 2022-இல் எல்லாப் பேரவைகளின் மதிப்பையும் கூட்டினால் 5,43,231 வந்தது. அந்தத் தொகையை அப்படியே 776 எம்.பி.க்களுக்குப் பகிர்ந்தார்கள், ஒருவருக்கு 700. இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது 55-வது பிரிவின் கட்டளை.

1971-ஆம் ஆண்டுக் கணக்கை இன்றும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வந்த 42-வது திருத்தம் அந்த எண்ணை உறைய வைத்தது. 2001-இல் வந்த 84-வது திருத்தம் அந்த ஏற்பாட்டை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்திய மாநிலங்கள் அதற்காகவே அரசியல் எடையை இழந்துவிடக் கூடாது என்ற நியாயம் அதன் பின்னால் இருந்தது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரைதான் இந்தப் பாதுகாப்பு. தொகுதி மறுவரையறை பற்றி உரக்கப் பேசுகிறவர்கள்கூட இந்தத் தேர்தலின் வாக்கு மதிப்பும் அதே நூலில்தான் தொங்குகிறது என்பதை அதிகம் சொல்வதில்லை. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேரவை இடங்கள் இப்போதிருப்பது போலவே இருந்து, 2011 மக்கள்தொகையைப் பயன்படுத்தினால், உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 496 ஆகும். தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308 ஆகும். இன்று 208-க்கு 176 என்று அருகருகே இருப்பவை அந்த அளவுக்கு விலகிப்போகும். கேரளத்தின் நிலையும் தமிழ்நாட்டின் நிலையைப் போன்றதுதான்.

வாக்களிக்கும் முறையிலும் சில தனித்தன்மைகள் உண்டு. வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். 1 என்ற எண் இல்லாவிட்டால் சீட்டு செல்லாது. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெறுபவர் வெற்றி பெறுவார். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். வேட்பாளருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மக்களவைத் தேர்தலில் நிற்கும் தகுதி வேண்டும். வாக்காளர்களில் 50 பேர் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும், 15,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். இந்தக் கெடுபிடிகள் முதலில் கிடையாது. 1967 தேர்தலில் 17 பேர் நின்று, அவர்களில் 9 பேர் ஒரு வாக்குகூடப் பெறவில்லை. அதற்குப் பிறகுதான் நிபந்தனைகள் படிப்படியாக இறுகின.

இரண்டாவது விருப்பம் வரை எண்ணும் நிலை ஒரே ஒரு முறை வந்தது. 1969 மே மாதம் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். சி.டி. தேஷ்முக் மூன்றாவது முக்கிய வேட்பாளர். பிரதமர் இந்திரா காந்தி தன் கட்சியினரை மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார்; அந்த மனசாட்சி கிரியின் பக்கம் சாய்ந்தது. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548. தேவைப்பட்டது 4,18,169. மற்றவர்களின் இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தபோது கிரி 4,20,077 பெற்று, தேவைக்கு மேல் இரண்டாயிரத்துக்கும் குறைவான மதிப்பில் கரையேறினார். அந்தத் தேர்தல் முடிந்த சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது, கட்சித் தாவல் தடைச் சட்டமும் பாயாது, வாக்கு ரகசியமானது. கட்சித் தலைமைகள் இதைக் கண்டு இன்றும் சற்று அஞ்சுவதற்கு 1969-ஐ விடப் பெரிய காரணம் தேவையில்லை.

நேரடியாக மக்களே வாக்களிக்கலாமே என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. கோடிக்கணக்கான மக்களின் வாக்கைப் பெற்ற ஒருவரை அமர்த்திவிட்டு, உண்மையான அதிகாரத்தை அமைச்சரவையிடம் கொடுப்பது பொருந்தாது என்றார் நேரு. நாடாளுமன்றம் மட்டும் தேர்ந்தெடுத்தால், அங்கே பெரும்பான்மை பெற்ற கட்சியின் ஆளாகவே அவர் இருப்பார். ஆகவே மாநிலங்களையும் சேர்க்க வேண்டும் என்று முடிவானது. இங்கிலாந்து மன்னரின் நிலையே நம் குடியரசுத் தலைவரின் நிலை என்று அம்பேத்கர் விளக்கினார்: அரசின் தலைவர், ஆட்சியை நடத்துபவர் அல்லர்.

இந்த ஏற்பாட்டில் மாநிலங்களின் பங்கு எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரசியல் சாசனத்தை மீறியதற்காகக் குடியரசுத் தலைவரை நீக்க 61-வது பிரிவு வழி தருகிறது. ஓர் அவையின் கால் பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். இதுவரை யார் மீதும் இந்தப் பிரிவு பயன்படுத்தப்பட்டதில்லை. அந்த நடவடிக்கையில் சட்டமன்றங்களுக்கு இடமே இல்லை. தேர்தலில் வாக்கில்லாத நியமன எம்.பி.க்கள்கூட நீக்குவதற்கு வாக்களிக்கலாம். தேர்தலில் பாதி எடை கொண்ட எம்.எல்.ஏ.க்களால் முடியாது. குடியரசுத் தலைவர் இறந்தாலோ விலகினாலோ, புதியவர் வரும்வரை அதிகபட்சம் ஆறு மாதம் அந்த இடத்தில் அமரும் துணைத் தலைவரையும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதிகாரங்களுக்கு வருவோம். ஏட்டில் அவற்றுக்குக் குறைவே இல்லை. முப்படைகளின் தலைமை, பிரதமர், ஆளுநர்கள், நீதிபதிகள், தேர்தல் ஆணையர்கள் நியமனம், நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, மக்களவையைக் கலைப்பது, அவசரச் சட்டம், நெருக்கடி நிலை, தூக்குத் தண்டனையைக் குறைப்பது என்று பட்டியல் நீளும். இவற்றில் ஏறத்தாழ எல்லாமே 74-வது பிரிவுக்குக் கட்டுப்பட்டவை, அதாவது அமைச்சரவையின் ஆலோசனைப்படி செய்யப்படுபவை. முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கே இதில் மனத்தாங்கல் இருந்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா குறித்து அவர் நேருவோடு மோதினார். 1960 நவம்பரில், தன் பதவிக்கும் இங்கிலாந்து மன்னருக்கும் உள்ள ஒப்புமை சரிதானா என்று ஆராய வேண்டும் என வெளிப்படையாகவே பேசினார். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்று சொல்லி ஐயத்தைத் தீர்த்தது. 1976-இன் 42-வது திருத்தம் ஆலோசனைப்படிதான் செயல்பட வேண்டும் என்று எழுதியே வைத்தது. 1978-இன் 44-வது திருத்தம் ஒரு சிறு சாளரத்தைத் திறந்தது: ஒரு முறை மறுபரிசீலனை கோரித் திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மீண்டும் வந்தால் ஏற்க வேண்டும்.

அந்தச் சாளரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை 1975 ஜூன் 25 இரவு காட்டியது. பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவே இல்லை. மறுநாள் காலைதான் அமைச்சர்களுக்குத் தகவல் சொல்லப்பட்டது. அமைச்சரவை முடிவு எங்கே என்று அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. கேட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இன்று அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. 44-வது திருத்தம் அதையும் சேர்த்தது.

கேட்டவர் ஒருவர் பின்னாளில் வந்தார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்குமாறு குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை பின்வாங்கியது. 1998 செப்டம்பரில் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தபோதும் அதையே செய்தார். இரு வேறு கட்சிகளின் அரசுகளிடம் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினார் என்பதால் நான் அவரைப் பெரிதாக மதிக்கிறேன். 1999 பிப்ரவரியில் பீகார் பரிந்துரை மீண்டும் வந்தபோது அவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆனால் மாநிலங்களவையில் ஆதரவு கிடைக்காது என்று தெரிந்து, அடுத்த மாதமே அந்த அரசு பிரகடனத்தை விலக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு கை உதவவில்லை. 1976 ஜனவரி 31, 1980 பிப்ரவரி, 1991 ஜனவரி 30 என மூன்று முறை பெரும்பான்மையுள்ள அரசுகள், மாநிலத்தைக் குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் கொண்டுவரும் 356-வது பிரிவால் கலைக்கப்பட்டன. இரண்டு முறை தி.மு.க., ஒரு முறை எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. 1991-இல் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்பவே மறுத்தார். ஆளுநரின் அறிக்கையின் பேரில் அல்லது வேறு வகையில் என்று அந்தப் பிரிவில் இருக்கும் சில சொற்களைக் கொண்டு சந்திரசேகர் அரசு வேலையை முடித்தது. கையெழுத்திட்டவர் ஆர். வெங்கடராமன். தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்து, காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைக் கவனித்தவர். சொந்த மாநிலத்தின் நிலவரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தும் கலைப்பு நின்றுவிடவில்லை. பதவியின் வரம்பு அவ்வளவுதான் என்று ஏற்கலாம். மறுபரிசீலனை கோரும் உரிமை அப்போதும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1994-இல், கலைப்பு சரியா என்று நீதிமன்றம் ஆராயலாம் எனச் சொன்ன எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்த பிறகுதான் இந்தக் கலைப்புகள் அரிதாகின.

ஆலோசனை சொல்ல அமைச்சரவையே தெளிவாக இல்லாத நாட்களில் குடியரசுத் தலைவரின் சொந்த முடிவுக்கு இடம் வருகிறது. மக்களவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது ஆட்சியமைக்க யாரை அழைப்பது? 1979-இல் சஞ்சீவ ரெட்டி சரண் சிங்கை அழைத்தார். அவர் மக்களவையைச் சந்திக்காமலேயே விலகினார். 1996-இல் சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சி என்பதால் வாஜ்பாயை அழைத்தார். அந்த அரசு 13 நாளில் முடிந்தது. 1998-இல் நாராயணன் முறையை மாற்றி, ஆதரவுக் கடிதங்களை முதலில் காட்டச் சொன்னார். ஜெயலலிதாவின் கடிதத்துக்காக டெல்லி காத்திருந்தது அப்போதுதான். 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதும் நம்பிக்கை வாக்குக் கோருமாறு அவர் வாஜ்பாயிடம் சொன்னார். ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்ற கணக்கில், ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது.

மசோதாக்கள் விஷயத்தில் வேறு வகை அதிகாரம் ஒன்று இருக்கிறது. 111-வது பிரிவின்படி அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், பண மசோதா அல்லாதவற்றைத் திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் மறுக்க முடியாது. 2006-இல் ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். அதே வடிவில் மீண்டும் வந்ததும் ஆகஸ்டில் கையெழுத்திட்டார். ஆனால் முதல் முடிவை எடுக்க எத்தனை நாள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 1986-ஆம் ஆண்டு அஞ்சல் மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, மறுக்கவும் இல்லை. கிடப்பிலேயே போட்டார். மக்களின் தனியுரிமை அப்போது அப்படித்தான் தப்பியது.

அதே கால வரம்பின்மை வேறு இடங்களில் மனிதர்களை வதைத்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் 2000-இல் டெல்லிக்குப் போயின. நிராகரிப்பு வந்தது 2011-இல். பதினோரு ஆண்டுகள் ஒருவரைத் தூக்குக் கயிற்றின் நிழலில் காத்திருக்க வைப்பதே இன்னொரு தண்டனை. 2014 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டியே தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணை அதிகாரத்திலும் அமைச்சரவையின் ஆலோசனையே செல்லும் என்பதால், கோப்பு உள்துறை அமைச்சகத்தில் எத்தனை காலம் உறங்கியது என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம்.

மாநில மசோதாக்களுக்குத்தான் இது மிகப் பெரிய முட்டுக்கட்டை. ஆளுநர் ஒரு மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பினால் 201-வது பிரிவு வேலை செய்யும். அவர் திருப்பி அனுப்பச் சொன்னால் பேரவை ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினாலும் ஒப்புதல் தரும் கட்டாயம் அவருக்கு இல்லை. நாடாளுமன்றம் சொன்னால் பணிய வேண்டியவர், சட்டப்பேரவை சொன்னால் பணிய வேண்டியதில்லை. இரண்டுக்கும் தேர்தலில் ஒரே எடை இருந்தும்! பேரவைக்குக் காலக் கெடு உண்டு, அவருக்கு இல்லை. அவர் கேட்கும் ஆலோசனையோ ஒன்றிய அமைச்சரவையுடையது. ஆகவே மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே கருத்து வேறுபாடு என்றால், எதிர்த்தரப்பே தீர்ப்புச் சொல்வது போல ஆகிவிடுகிறது.

ஒன்றிய அரசு ஒத்துப்போகும்போது இதே வழி விரைவாகத் திறக்கும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு 1994 ஜூலையில் சங்கர் தயாள் சர்மாவின் ஒப்புதல் கிடைத்தது. 2017 ஜனவரியில், மெரினாவில் இளைஞர்கள் திரண்ட நாட்களுக்குப் பிறகு, 23-ஆம் தேதி நிறைவேறிய ஜல்லிக்கட்டு மசோதாவுக்கு அந்த மாதம் முடிவதற்குள் ஒப்புதல் வந்தது. நீட் விலக்கு மசோதாவோ 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறி, டெல்லி சென்றது. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் பேரவையில் முதலமைச்சர் அறிவிக்கும்போது மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன.

அதே ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாடு ஆளுநர் நிறுத்திவைத்துப் பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பத்தில் ஒன்றுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்திருந்தார், ஏழு மசோதாக்களுக்கு மறுத்திருந்தார், இரண்டு கிடப்பில் இருந்தன. இனி மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் சொன்னார்கள். குடியரசுத் தலைவருக்கே ஒரு நீதிமன்றம் கெடு விதித்தது அப்போதுதான்.

மே மாதம் 143-வது பிரிவின்கீழ் 14 கேள்விகளை எழுப்பி, திரௌபதி முர்மு உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். இதுவும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்கும் செயல்தான். 2025 நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு விடையளித்தது. ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதற்கும் சாசனத்தில் இடமில்லை. ஆளுநர் ஒரு மசோதாவைப் பேரவைக்குத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கவும் முடியாது. விளக்கமே இல்லாமல் நெடுங்காலம் இழுத்தடிக்கப்பட்டால், முடிவின் தகுதிக்குள் போகாமல், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

இந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. எவ்வளவு நீண்டால் அது நெடுங்காலம் என்று ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நீதிமன்றப் படியேறி வாதாட வேண்டியிருக்கும். ஐந்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஓர் அரசுக்கு அந்த வழக்கு நடக்கும் காலமே ஆயுளில் பாதி. இதைச் சரிசெய்ய 201-வது பிரிவில் ஒரு கெடுவை எழுதினால் போதும். அதற்கு அரசியல் சாசனத் திருத்தம் வேண்டும். அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரும் பெரும்பான்மை நாடாளுமன்றத்திடம் மட்டுமே இருக்கிறது.